தீயணைப்பு பம்பிடம் தோற்ற இத்தாலிய கார்கள்!

போத்தனூர் ஜங்ஷனுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது செட்டிப்பாளையம். வானம் பார்த்த பூமி. ஆனால் பந்தய நாட்களில் அங்கே கேட்பது மழைக்கான இடி அல்ல. மோட்டார் கார்களின் உறுமல்!

ஆம்! அங்கே ஒரு மோட்டார் பந்தயத் திடல் இருக்கிறது. அதன் பெயர் "கரி மோட்டார் ஸ்பீட்வே". நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். வளைந்து வளைந்து போகும் பாதை. அதில் ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார்கள், தரையோடு தரையாகப் பறக்கின்றன.

வேடிக்கை பார்க்கப் போகும் வெளியூர்க்காரர் ஒருவர் வேலிக்கு அருகில் நிற்கும் மெக்கானிக்கிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

"இந்தக் கார் எந்த நாட்டில் செய்ததுங்க?"

"எந்த நாடும் இல்லீங்க. நம்ம கோயமுத்தூரில் செய்ததுதான்."

"என்ஜினுமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சட்டென்று வராது. ஏனென்றால், காரின் சட்டம் கோவையில் பற்றவைத்தது. மேல்கூடு கோவையில் வார்த்தது. என்ஜின் மட்டும் மாருதி காரிலிருந்து வந்தது!

பம்பு செய்யும் ஊர் கோவை. மோட்டார் செய்யும் ஊர். தெருவுக்குத் தெரு லேத் பட்டறையும், பவுண்டரியும் இருக்கும் ஊர். அந்த ஊர், பந்தயக் காரின் உயிர்நாடியான என்ஜினை ஏன் செய்யவில்லை? செய்யாததால் நஷ்டம் உண்டா?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், கோவையைப் போலவே பட்டறைகள் நிறைந்த இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். அது இத்தாலியில் இருக்கிறது.

அசுர என்ஜின்

கார் பந்தயத்தில் உலக சாம்பியன் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1950-ம் ஆண்டில். முதல் ஆண்டு பட்டத்தை வென்றது ஒரு இத்தாலிய கார். இரண்டாவது ஆண்டும் அதே கார்தான். அதன் பெயர் "ஆல்பா ரோமியோ". முதல் பட்டம் பரினா என்ற இத்தாலியருக்கு. இரண்டாவது பட்டம் பாஞ்சியோ என்ற அர்ஜென்டினா வீரருக்கு.

அந்தக் காரின் என்ஜினை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. அதன் கொள்ளளவு 1,479 சி.சி.தான். நம் ஊரில் ஓடிய பழைய பியட் 1100 காரை எல்லோருக்கும் தெரியும். அதுவும் இத்தாலியில் பிறந்த என்ஜின்தான். அதன் கொள்ளளவு 1,089 சி.சி. சக்தி சுமார் 40 குதிரை. ஆல்பா ரோமியோ என்ஜின், அளவில் அதைப்போல ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் சக்தியோ சுமார் 420 குதிரை!

என்ன மாயம் இது?

மாயம் ஒன்றும் இல்லை. ஒரு பம்புதான்! என்ஜின் தானாக மூச்சு இழுத்தால் கொஞ்சம் காற்றுதான் உள்ளே போகும். காற்று குறைந்தால் எரியும் எரிபொருளும் குறையும். ஆகவே, காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே திணிக்க ஒரு காற்றுப் பம்பை வைத்தார்கள். அதற்கு "சூப்பர்சார்ஜர்" என்று பெயர். வரிசையாக 8 சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் அளவுக்கு மீறிய காற்று. அத்தனையும் எரிந்தால் அசுர பலம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் பலத்துக்கு விலை உண்டு. இந்தக் காருக்கு அடங்காத தாகம்! ஒரு கேலன் எரிபொருளுக்கு ஒன்றரை மைல்தான் ஓடும். அதாவது, நாலரை லிட்டர் ஊற்றினால் இரண்டரை கிலோமீட்டர்!

இந்தத் தாகத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தார் ஒருவர். அவர் பெயர் என்சோ பெராரி.

தாய் வீட்டோடு போட்டி

பெராரி, மோடினா என்ற ஊரில் 1898-ல் பிறந்தவர். பல ஆண்டுகள் ஆல்பா ரோமியோ கம்பெனிக்காகப் பந்தயக் குழு நடத்தினார். 1,479 சி.சி. காரே 1937-ல் மோடினாவில் அவருடைய பட்டறையில் உருவானதுதான். பிறகு கம்பெனியோடு மனஸ்தாபம். 1939-ல் வெளியேறினார். யுத்த காலத்தில் பக்கத்து ஊரான மாரநெல்லோவில் தொழிற்சாலை கட்டினார். அதன்மேல் குண்டு விழுந்தது. மீண்டும் கட்டினார். 1947-ல் தன் பெயரில் முதல் காரை வெளியே விட்டார்.

அன்றைய பந்தய விதி என்ன தெரியுமா? காற்றுப் பம்பு வைத்த என்ஜின் 1,500 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. பம்பு இல்லாவிட்டால் 4,500 சி.சி. வரை போகலாம். பலர் முதல் வழியில் போனார்கள். பெராரியின் என்ஜின் நிபுணர் லாம்பிரெடி இரண்டாவது வழியைப் பிடித்தார். 12 சிலிண்டர். பம்பு இல்லை. சக்தி கொஞ்சம் குறைவு. தாகமும் குறைவு!

1951-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் திடல். ஆல்பா கார்கள் எரிபொருள் நிரப்ப நின்று நின்று போயின. பெராரி காரில் வந்த கொன்சாலஸ் என்ற அர்ஜென்டினா வீரர் ஏறக்குறைய 50 வினாடி வித்தியாசத்தில் வென்றார். உலக சாம்பியன் பந்தயங்களில் பெராரிக்கு அதுதான் முதல் வெற்றி.

சந்தோஷத்தில் அழுததாகவும், அதே நேரத்தில் பெற்ற தாயைக் கொன்றுவிட்டது போன்ற துக்கம் வந்ததாகவும் பின்னாளில் பெராரி எழுதினார். அந்த ஆண்டோடு ஆல்பா ரோமியோ பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது.

மறுஆண்டு விதி மாறியது. 2,000 சி.சி. கார்களுக்குத்தான் பட்டம் என்றார்கள். லாம்பிரெடி என்ன செய்தார்? 12 சிலிண்டரை விட்டுவிட்டு, 4 சிலிண்டருக்கு வந்தார்! எளிமையான என்ஜின். இலேசான என்ஜின். வளைவிலிருந்து வெளியே வரும்போது வெடுக்கென்று இழுக்கும். 1952, 1953 இரண்டு ஆண்டும் அஸ்காரி என்ற வீரர் அந்தக் காரில் உலக சாம்பியன் ஆனார். பெரிய என்ஜின்தான் நல்ல என்ஜின் என்று நினைப்பவர்கள் இந்த 4 சிலிண்டர் காரைப் பார்க்க வேண்டும்.

இரும்பு வியாபாரியின் கார்

மோடினாவில் இன்னொரு கம்பெனியும் இருந்தது. அதுதான் "மசெராட்டி". இந்தக் கதை கோவைக்காரர்களுக்கு மிகவும் பழக்கமான கதையாகத் தோன்றும்.

அடால்போ ஓர்சி என்பவர் பழைய இரும்பு வியாபாரத்தில் தொடங்கி, உருக்காலை முதலாளி ஆனவர். அவர் 1937-ல் மசெராட்டி சகோதரர்களின் கம்பெனியை வாங்கினார். மோடினாவுக்கே கொண்டுவந்தார். அந்தத் தொழிற்சாலையில் பந்தயக் கார் மட்டுமா செய்தார்கள்? ஸ்பார்க் பிளக் செய்தார்கள். இரும்பைக் கடையும் இயந்திரங்கள் செய்தார்கள். அந்த வருமானத்தில்தான் பந்தயக் கார் ஓடியது!

அங்கே பிறந்த "250 எப்" என்ற கார் 1954-ல் வந்தது. 6 சிலிண்டர், 2,500 சி.சி. அழகான கார். 1957-ல் ஜெர்மனியின் நூர்பர்கிரிங் திடலில் பாஞ்சியோ அதை ஓட்டினார். அப்போது அவருக்கு 46 வயது! டயர் மாற்ற நின்ற இடத்தில் தாமதம். முன்னால் போன இரண்டு பெராரி கார்களுக்கும் அவருக்கும் முக்கால் நிமிடத்துக்கு மேல் இடைவெளி. மலைக்காட்டுக்குள் ஒரு சுற்றே 14 மைல். சுற்றுக்குச் சுற்று தன் சாதனையைத் தானே முறியடித்து, இரண்டு பேரையும் பிடித்து வென்றார். அது அவருக்கு ஐந்தாவது பட்டத்தைக் கொடுத்தது.

அந்த ஆண்டு முடிவிலேயே மசெராட்டி, பந்தயக் குழுவை மூடிவிட்டது. காரணம் தோல்வி அல்ல. கடன்! அர்ஜென்டினாவுக்கு விற்ற இயந்திரங்களுக்குப் பணம் வரவில்லை. சரக்கு அனுப்பிவிட்டு பணத்துக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று பட்டறை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாடு இழுக்குமா, தள்ளுமா?

இப்போது பம்புக்கு வருவோம்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்று ஒரு கம்பெனி. தூக்கிச் செல்லத் தக்க தீயணைப்பு பம்பு வேண்டும் என்று சர்க்கார் கேட்டது. பம்பு இலேசாக இருக்க வேண்டுமானால் என்ஜின் இலேசாக இருக்க வேண்டும். கம்பெனி அலுமினியத்தில் ஒரு சின்ன என்ஜின் வார்த்தது. கெட்டியான என்ஜின். வேகமாகச் சுற்றும் என்ஜின்.

சின்னச் சின்ன கொட்டகைகளில் பந்தயக் கார் கட்டிக்கொண்டிருந்த ஆங்கிலேயர்கள் அதைப் பார்த்தார்கள். "இதைக் காருக்கு ஏற்றபடி செய்து தாருங்கள்" என்றார்கள். 1954-ல் அந்தப் பம்பு என்ஜின் பந்தயக் காரில் ஏறியது! அந்த அனுபவத்தைக் கொண்டு, கம்பெனி பந்தயத்துக்கென்றே பெரிய என்ஜின்களையும் செய்தது.

சொந்தமாக என்ஜின் செய்யாமல் கடையில் வாங்கிப் பூட்டுகிறவர்கள் என்று பெராரிக்கு இவர்கள்மேல் இளக்காரம். அவர்களில் கூப்பர் என்ற கம்பெனி இன்னொரு காரியமும் செய்தது. என்ஜினை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்தது! பெராரிக்கு அது பிடிக்கவில்லை. மாடு வண்டியை இழுக்கத்தான் வேண்டும். தள்ளக் கூடாது என்பது அவர் வாதம். காங்கேயம் காளை பூட்டியவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் கார் மாட்டு வண்டி அல்லவே!

1958-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி. அர்ஜென்டினா தலைநகரில் பந்தயம். கூப்பர் காரில் வந்தவர் ஸ்டர்லிங் மாஸ். அவருக்குப் பின்னால் இருந்தது 2,000 சி.சி.க்கும் குறைந்த கிளைமாக்ஸ் என்ஜின். எதிரில் 2,400 சி.சி. பெராரிகள்.

கூப்பர் காரின் சக்கரத்துக்கு நான்கு நட்டு. கழற்றி மாட்டினால் வெகு நேரம் ஆகும். ஆகவே டயர் மாற்றாமலே ஓட்டி முடிப்பது என்று மாஸ் குழுவினர் முடிவு செய்தார்கள். ஆனால் வெளியே டயர்களை எடுத்து வைத்து, மாற்றப் போவது போல் நடித்தார்கள்! பெராரிக்காரர்கள் நம்பிவிட்டார்கள். மாஸ் நிற்கவே இல்லை. டயர் தேய்ந்து உள்ளே இருந்த துணி தெரிந்தது. இரண்டாவதாக வந்த பெராரியைவிட மூன்று வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்.

1959-லும், 1960-லும் உலகப் பட்டம் கூப்பர் காருக்கு. ஓட்டியவர் ஆஸ்திரேலியரான பிராபம். என்ஜின் அதே பம்பு கம்பெனியுடையது!

பெராரி பிடிவாதத்தை விட்டார். 1961-ல் என்ஜினைப் பின்னால் வைத்தார், பட்டத்தையும் பெற்றார். ஆனால் அந்த ஆண்டு மோன்சா திடலில் அவருடைய வீரர் வான் டிரிப்சும், வேடிக்கை பார்த்த 15 பேரும் உயிரிழந்தார்கள். அந்த வெற்றியைக் கொண்டாட யாருக்கும் மனம் வரவில்லை.

கோவை எந்த வழியில் போனது?

கோவைக்கு என்ஜின் தெரியாதா? தெரியும். கிணற்று மேட்டில் "டக் டக்" என்று ஓடிய ஆயில் என்ஜின்கள் இங்கே வார்க்கப்பட்டவை. மின்சார மோட்டாரும் புதிதல்ல. ஜி.டி. நாயுடுவும், டெக்ஸ்டூல் நிறுவிய பாலசுந்தரமும் 1937-லேயே மோட்டார் செய்துவிட்டார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் அது என்று சொல்லப்படுகிறது.

ஜி.டி. நாயுடு இன்னொன்றும் செய்தார். 1952-ல், இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! அஸ்காரி 4 சிலிண்டர் பெராரியில் உலகை வென்ற அதே ஆண்டு. மோடினாவில் கார் பந்தயத்துக்குப் போயிற்று. கோவையில் லைசென்சுக்குப் போயிற்று. லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றே மூன்றுதான்: அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்கும். பம்பாயில் தயாரான பியட் காரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, வால்வைத் தேய்த்து, கார்புரேட்டரை மாற்றி, கொஞ்சம் வேகம் கூட்டி ஓட்டுவார்கள். இத்தாலிய என்ஜினோடு தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் கை பழகியது அப்படித்தான்.

கோவை மில் குடும்பம் ஒன்றில் பிறந்த கரிவர்தன் சோழவரத்தில் பெயர் வாங்கிய வீரர். கார் ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. கட்டவும் செய்தார். 1980-களின் இறுதியில், மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினை எடுத்து, தானே வரைந்த ஒற்றை ஆள் சட்டத்தில் பூட்டினார். அதுதான் "பார்முலா மாருதி".

அது யாருடைய வழி? பெராரியின் வழியா? இல்லை. கூப்பரின் வழி! என்ஜினை வாங்கு, காரை நீ கட்டு. பணக்காரர் மட்டும் ஆடிய ஆட்டத்தில் சாதாரண இளைஞனும் உட்கார முடிந்தது அந்தக் காரால்தான். 1995-ல் கரிவர்தன் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் திடலுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. எல்.ஜி.பி. குடும்பத்தைச் சேர்ந்த முன்னாள் பந்தய வீரர் விஜயகுமார் அதை அமைத்தார். எல்.ஜி.பி. பெயரால் கோவையில் கட்டிய கார்கள் பலவற்றுக்கும் மாருதி என்ஜின்தான்.

பார்முலா மாருதியில் பழகிய ஒரு கோவைப் பையன் உலகப் பந்தயம் வரை போனான். அவர்தான் நரேன் கார்த்திகேயன். முதலில் மினார்டி என்ற இத்தாலியக் குழுவில் இடம் கிடைப்பதாக இருந்தது. கொடுக்க வேண்டிய பணம் திரளாததால் அது நழுவியது. 2005-ல் ஜோர்டான் குழுவில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்ததும் விலைக்கு வாங்கிய டொயோட்டா என்ஜின்தான்.

அந்த ஆண்டு ஜூன் 19-ந் தேதி, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயம். டயர் தகராறில் 14 கார்கள் விலகின. மிச்சம் ஆறு கார்கள்: இரண்டு பெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. பெராரிகள் முதலிரண்டு இடம். ஜோர்டான் கார்கள் மூன்றாவதும், நான்காவதும். அந்த நான்காவது இடம் நரேனுக்கு! இத்தாலிய கார்கள் முன்னும் பின்னும் ஓட, நடுவில் கோவைக்காரர். 5 புள்ளிகள் பெற்றார். ஆறு கார் பந்தயம்தானே என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அதுவரை எந்த இந்தியரும் அந்த ஆறில் ஒருவராகக்கூட இருந்தது இல்லையே!

வாங்குவதில் இரண்டு வகை

அப்படியானால் என்ஜினை வாங்குவது குற்றமா? நிச்சயமாக இல்லை. 2024-லும், 2025-லும் குழுக்களுக்கான உலகப் பட்டத்தை வென்ற மெக்லாரன், மெர்சிடிஸ் என்ஜினை வாங்கித்தான் ஓட்டியது. 1950 முதல் ஓராண்டுகூட விடாமல் சொந்த என்ஜினோடு வரும் ஒரே கம்பெனியான பெராரி, 2007-க்குப் பிறகு 2025 முடிய ஓட்டுநர் பட்டம் எதையும் பெறவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கூப்பர், என்ஜினைத் தன் நாட்டிலேயே வாங்கினார். "இந்த இடத்தில் கனம் குறையுங்கள், அந்த இடத்தில் வால்வை மாற்றுங்கள்" என்று பம்பு கம்பெனியிடம் நேரில் சொல்ல முடிந்தது. அந்தப் பேச்சிலிருந்து அறிவு வளர்ந்தது. 1967-ல் காஸ்வொர்த் என்ற இன்னொரு ஆங்கிலக் கம்பெனி, போர்டு கம்பெனியின் பணத்தில் 8 சிலிண்டர் என்ஜின் ஒன்று செய்தது. அந்த ஒரே என்ஜின் 155 உலகப் பந்தயங்களை வென்றது!

கோவைக்கு வந்த என்ஜினோ கடைக்கு வந்த சரக்கு. குடும்பக் காருக்காக எங்கோ வரைந்த என்ஜின். அதற்கு ஏற்றபடி காரை மாற்றலாம். காருக்கு ஏற்றபடி அந்த என்ஜினை மாற்றச் சொல்ல ஆள் கிடையாது. சிலிண்டர் கட்டையை வார்க்கத் தெரிந்த ஊருக்கு, அதை வரையும் வேலை வந்து சேரவில்லை. நஷ்டம் அங்கேதான்.

இப்போது நிலைமை இன்னொரு முறை மாறுகிறது. உலகப் பந்தயத்தில் 2026-ம் ஆண்டு முதல் புதிய விதி. 1,600 சி.சி. பெட்ரோல் என்ஜின் இருக்கும். ஆனால் மொத்த சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சார மோட்டாரிலிருந்து வர வேண்டும். முன்பு 120 கிலோவாட்டாக இருந்த மோட்டாருக்கு இப்போது 350 கிலோவாட். அதாவது சுமார் 470 குதிரைச் சக்தி. அன்றைய ஆல்பா ரோமியோவின் எட்டு சிலிண்டரும் சேர்ந்து கொடுத்ததைவிட இந்த ஒரு மோட்டார் கொடுப்பது அதிகம்!

பந்தயத்தில் வருவது நாளை தெருவுக்கும் வரும். தெருவில் ஏற்கனவே வந்துவிட்டது. மின்சார ஸ்கூட்டருக்கு பிஸ்டன் இல்லை; வால்வு இல்லை; சிலிண்டர் இல்லை. அவற்றை வார்த்தும், கடைந்தும் பிழைக்கும் பட்டறைகள் கோவையைச் சுற்றி எத்தனையோ! போத்தனூருக்குப் பக்கத்தில் இருக்கும் குறிச்சி தொழிற்பேட்டையில் ஒரு தெரு நடந்தால் போதும். ஒரு பட்டறையில் காருக்கான வார்ப்படம் கடைவார்கள். இன்னொரு பட்டறையில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவார்கள். முதல் பட்டறைக்காரருக்கு வயிற்றில் புளி கரைகிறது. இரண்டாவது பட்டறைக்காரர் கையில் இருப்பதோ 1937 முதல் இந்த ஊர் அறிந்த வித்தை!

பம்பு மோட்டார் வேறு, பந்தய மோட்டார் வேறு என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். பம்பு மோட்டார் ஒரே வேகத்தில் நாள் முழுக்கச் சுற்றும். பந்தய மோட்டார் ஒரு நொடியில் பாய்ந்து, மறுநொடியில் நின்று, பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பியும் தர வேண்டும். கனமும் குறைய வேண்டும். சூடும் தணிய வேண்டும். அதற்குப் புதிய காந்தமும், புதிய மின்னணுக் கருவியும், புதிய கணக்கும் வேண்டும். தீயணைப்பு பம்பு என்ஜினும் 1954-ல் அப்படியே காரில் ஏறிவிடவில்லை.

செட்டிப்பாளையம் திடலில் "பார்முலா பாரத்" என்று ஒரு போட்டி நடந்து வந்திருக்கிறது. பல மாநிலங்களின் என்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவருவார்கள். ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள் என்ஜின் பூட்டிய கார்கள். இன்னொரு பக்கம் மின்சாரக் கார்கள். மின்சாரக் கார் ஓடும்போது உறுமல் இல்லை. டயர் தரையைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்கும். மாணவர்கள் சட்டத்தைத் தாங்களே வளைத்திருப்பார்கள். பாட்டரிப் பெட்டியைத் தாங்களே அடுக்கியிருப்பார்கள். மோட்டார் மட்டும் பல கார்களில் வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்கி வந்ததாக இருக்கும்.

திடலிலிருந்து குறிச்சி தொழிற்பேட்டைக்குச் சில மைல் தூரம்தான்.